அவையேற்றமும் ஓவியத் தேர்வும் : கொங்குநாட்டை நடுவாகக் கொண்ட ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

கலைஞன் ஒருவன் தான் ஆக்கியதைத் தன் மனைக்கண் வைத்துத் தானே கண்டு மகிழ்தல் ஒரு நிலை. அதனைத் துறையறிந்தோர் முன் கொண்டுசென்று, ஏற்பினும் மறுப்பினும் அவர்தம் முடிவுக்கு உட்படுவேன் என நிற்றல் பிறிதொரு நிலை. முன்னதற்கு ஆர்வம் போதும். பின்னதற்குத் துணிவும் வேண்டும். இக்காலத்து ஓவிய சிற்பக் காட்சிகளுட் பல இப்பின்னைய நிலையின்மேல் அமைந்தவை. கலைஞர் விண்ணப்பம் விடுப்பர், நடுவர் குழு ஆராயும், தேர்ந்தவை சுவரேறும், அவற்றுட் சில பரிசு பெறும், எஞ்சியவை வந்த வழியே மீளும்.

இம்முறை முற்றும் மேனாட்டினின்று வந்தது என்பது பலர் கருத்து. காட்சிக்கூடமும் பதக்கமும் மேனாட்டு வரவேயாயினும், படைப்பை அவையேற்றி ஆராய்தல் தமிழ் மக்கள் நெடுங்காலம் பயின்ற வழக்கமாகும். எனினும் பழைய அவைக்கும் புதிய குழுவுக்கும் இடையே அடிப்படையானதொரு வேற்றுமை உளது. அவ்வேற்றுமை யாது, அதனாற் கொங்குநாட்டு ஓவிய வரலாற்றுக்கு விளைந்த இழப்பு யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

2. பண்டை அவையின் இயல்பு

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதனைப் பனம்பாரனார் பாயிரம் தெரிவிக்கின்றது. அந்நிகழ்ச்சி பற்றி நச்சினார்க்கினியர் தரும் செய்தி நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணை செய்வது. நூலைக் கேளற்க என்று அகத்தியர் ஒருபால் தடுக்கின்றார். கேட்டருளல் வேண்டும் என்று தொல்காப்பியர் மற்றொருபால் வேண்டுகின்றார். இருவர் சினத்துக்கும் ஆளாகாதிருத்தற்கு அதங்கோட்டாசான் ஒரு வழி காண்கின்றார்; நூலைக் கேட்டுக் குற்றம் கூறி விலக்கிவிடலாம் என எண்ணுகின்றார். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கட்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினமையின், நூல் குற்றம் நீங்கிய நூலாக அவையேறிற்று.

இச்செய்தி வரலாறாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. நம் முன்னோர் அவையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் இதனாற் புலனாகின்றது. நடுவரே முன்முடிவோடு வந்து அமர்ந்தார் என்பதனை உரையாசிரியர் மறைத்திலர். அம்முன்முடிவை வென்றது எது? வினாவும் விடையும் பலர் கேட்ப வெளிப்பட நிகழ்ந்தமையே. தடையைச் சொல்லாற் கூறவேண்டிய கடமை நடுவருக்கு இருந்தது; அதனைச் சொல்லால் நீக்கும் உரிமை ஆக்கியோனுக்கு இருந்தது.

அரங்கேற்றம் இலக்கண நூல்களுக்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, சோழன் முன் ஆடித் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். அரங்கின் நீள அகலங்களும் ஆசிரியர்தம் தகுதிகளும் ஆங்கே ஒவ்வொன்றாக விரிக்கப்படுகின்றன. பரிசு இன்ன அளவினது என்பதோடு, இன்ன தகுதியுடையார் இன்ன அரங்கில் நிகழ்த்தியது என்பதும் காப்பியத்திற் பதிவாயிற்று.

ஓவியத்தைப் பொதுமக்கள் கூடிக் கண்ட செய்தியைப் பரிபாடலின் 19ஆம் பாடல் தருகின்றது. நப்பண்ணனார் பாடிய அப்பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காண வந்தோர் சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவ, உடன் வந்தோர் காமன் இவன், இரதி இவள், இந்திரன் இவன், அகலிகை இவள் என விடை கூறுகின்றனர். ஓவியத்தின் முன் நின்று பேசுதல் ஓவியத்தைக் காண்டலின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பது இதனாற் போதரும்.

இனிக் கொங்குநாட்டுக்கு வருவோம். நன்னூல் ஆசிரியராகிய பவணந்தி முனிவர் கொங்குநாட்டுச் சீனாபுரத்தைச் சார்ந்தவர் என்பது பலர் கொள்கை. அவர் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, நூலுக்கு முன் உரைக்கப்படவேண்டியவற்றுள் கேட்போரையும் பயனையும் அடக்கி எட்டென்கின்றார். காலம், களன், காரணம் என்னும் மூன்றனைக் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்கின்றார். களன் என்பது நூல் ஏறிய அவைக்களம். ஒரு படைப்பு எவர் முன், எவ்விடத்தில், எக்காரணம் பற்றித் தோன்றியது என்பது அப்படைப்போடு சேர்த்தே காக்கப்படவேண்டும் என்னும் நெறியை இதனிற் காண்கின்றோம்.

இந்நெறி தவறின் விளைவது யாது என்பதற்கும் கொங்குநாடே சான்று தருகின்றது. பெருங்கதை செய்த கொங்குவேளிர் விசயமங்கலத்தில் தமிழவை வளர்த்தார் என்பது மரபு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924இல் அந்நூலை வெளியிட்டபோது முதலும் இறுதியும் சிதைந்த நிலையிலேயே அது கிடைத்திருந்தது. நூல் எஞ்சிற்று, அது ஏறிய அவையின் பேச்சு எஞ்சவில்லை.

3. மேனாட்டு முறை சென்னை புகுந்தமை

அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். இலண்டன் மாநகரில் 1851இல் நிகழ்ந்த பெருங்காட்சியைப் பின்பற்றிச் சென்னையில் 1855இல் ஒரு காட்சி நடைபெற்றது. தென்னிந்திய மூலப்பொருள்கள், கலைகள், கைத்தொழில்கள் ஆகியன அதில் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பெற்று, நடுவர் குழுக்களால் ஆராயப்பெற்றன. அக்குழுக்களின் அறிக்கைகள் பின்னர் நூலாக அச்சேறின. ஒரு பொருள் ஏன் சிறந்தது, எவ்வாறு குறையுடையது என்பதனை நடுவர் எழுதி வைத்தனர். அவர்தம் நோக்கம் பெரிதும் வாணிகம் பற்றியதே. எனினும் காரணம் கூறும் கடமையை அவர் உணர்ந்திருந்தனர் என்பது நினைவில் இருத்தற்பாலது.

தனி ஓவியர்க்குத் தேர்வுக் காட்சி செய்யவல்ல நன்மைக்கு இரவிவர்மரே தக்க சான்று. கிளிமானூரிற் பிறந்த அவர் கலைப்பள்ளி எதனிலும் பயின்றவரல்லர். சென்னை நுண்கலைக் காட்சிக்கு 1873இல் அவர் விடுத்த, கூந்தலில் மலர்சூடும் நாயர் மங்கையின் ஓவியம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. அவ்வாண்டே வியன்னா உலகக் காட்சியிலும் பரிசு பெற்றது. 1893இல் சிகாகோ உலகக் காட்சிக்கு அவர் விடுத்த பத்து ஓவியங்களும் பாராட்டப்பெற்றன. திருவிதாங்கூரின் ஓர் ஊரில் இருந்தாரை நாடறியச் செய்தது தேர்வுக் காட்சியே. ஆகலின், தேர்வு என்பதே தீது எனக் கூறுவார் கூற்று வரலாற்றோடு பொருந்தாது.

4. கோயமுத்தூரிற் பிறந்த பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் 1911 மே 31ஆம் நாள் கோயமுத்தூரிற் பிறந்தார். அவர்தம் குடும்பம் பொன்னானிப் பகுதியைச் சார்ந்தது. இளமைக் கல்வியும் ஆங்கேயே நிகழ்ந்தது. பன்னிரண்டாம் வயதிலேயே நிலக்காட்சிகளைத் தீட்டத் தொடங்கிய அவர், பதினேழாம் வயதிற் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் காட்சியில் இடம்பெற்றார். தந்தையார் மறைவால் கல்வி இடையிற் முறியத் தந்தித் துறையிலும், பின்னர் ஆயுள் காப்பீட்டு முகவராகவும் பணிபுரிந்தார். 1936இல் அவர் சென்னைக் கலைப்பள்ளியிற் சேர்ந்தபோது, தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவராக விளங்கினார். அப்பதவியை 1929இல் ஏற்ற சௌதுரியே அதனை வகித்த முதல் இந்தியர்.

இவ்வாழ்க்கையில் நாம் நோக்கவேண்டுவது ஒன்று. கலைப்பள்ளியின் வாயிலை மிதிப்பதற்கு எட்டாண்டு முன்பே காட்சியின் வாயில் அவருக்குத் திறந்தது. பட்டமும் ஆசிரியர் பரிந்துரையும் இல்லாத இளைஞர் ஒருவரின் நீர்வண்ணப் படம் தன் தகுதி ஒன்றாலேயே சுவரேறக் கூடும் என்பதே தேர்வுக் காட்சியின் தலையாய அறம்.

ஆயினும் அதே பணிக்கர் நிலைபெற்ற அவைகளை மட்டும் நம்பியிருந்தாரல்லர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957 முதல் 1967 வரை கலைப்பள்ளியின் தலைமையை வகித்தார். 1966இல் மாணவரும் நண்பருமாகிய கலைஞர் பலரோடு கூடி ஈஞ்சம்பாக்கத்திற் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை நிறுவினார். அதற்குரிய நிலம், கலைஞர் தம் கையால் ஆக்கிய பாத்திக்குத் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற ஊதியத்தால் வாங்கப்பெற்றது. 1963 முதல் அவர் தீட்டிய சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசை, எழுத்துப் போன்ற கோடுகளும் கட்டங்களும் நிறைந்தது. நிலக்காட்சிக்குப் பழகிய கண் எளிதில் ஏற்கும் இயல்பினதன்று. புதியது தோன்றுங்கால் அதனை அளத்தற்குரிய கோலும் புதிதாக வேண்டும். அக்கோல் பழைய அவையிடம் இல்லையேல் கலைஞரே ஓர் அவையை ஆக்கிக்கொள்ள நேரும் என்பதற்குச் சோழமண்டலம் ஒரு விளக்கமாகும்.

எனினும் அவ்வவை கடற்கரையில் அமைந்தது. கோயமுத்தூர் பணிக்கரின் பிறப்பூராகக் குறிக்கப்படுவதன்றி, அவர்தம் களனாக ஆயிற்றில்லை.

5. கொங்குநாட்டின் நிலை

கொங்குநாட்டில் ஓவியம் இல்லாமையால் இந்நிலை நேர்ந்ததன்று. கோவைக்கு மேற்கே குமிட்டிபதியிலும் நீலகிரிச் சரிவிற் கரிக்கியூரிலும் பாறை ஓவியங்கள் உள. பேரூர்க் கனகசபையின் தூண்கள் 17ஆம் நூற்றாண்டுச் சிற்பத்திறனுக்குச் சான்று பகர்வன. சிற்றூர்தோறும் குயவர் வனைந்து வைத்த மண்குதிரைகள் கோயில் வாயில்களில் நிற்கின்றன. இவையெல்லாம் விண்ணப்பமின்றி ஏற்கப்பட்டவை. வேண்டுவோரும் ஆக்குவோரும் ஒரே ஊரினராக இருந்தமையால் தனியே நடுவர் வேண்டப்படவில்லை.

இந்நிலை மாறியது தொழில் வளர்ச்சியால். 1888இல் ஸ்டேன்சு குடும்பத்தினர் தொடங்கிய நூற்பாலையைப் பின்பற்றி ஆலைகள் பெருகின. பின்னர்ச் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், புலியகுளத்திற் பட்சிராஜா ஸ்டூடியோவும் எழுந்தன. கை தேர்ந்த ஓவியர்க்குத் துணி வடிவமைப்பிலும், திரைப்படப் பின்னணித் திரைகளிலும், தெருவோரத்துப் பெரும் விளம்பரப் படங்களிலும் பிழைப்புக் கிடைத்தது. மனித முகத்தை இருபதடி உயரத்திற்குக் கட்டம் பிரித்துப் பெருக்கி, தூரத்துப் பார்வைக்கு ஏற்ப வண்ணம் இடும் அத்திறம் எளியதன்று. எனினும் நுண்கலைக் காட்சியின் விண்ணப்பத்தாளில் அதற்கென ஒரு வகுப்பு இருந்ததில்லை. படம் ஓடி முடிந்தவுடன் அதே துணியின்மேல் அடுத்த படம் தீட்டப்பெற்றது, ஓவியம் அழிந்தது, ஓவியர் பெயரும் உடன் மறைந்தது. அத்தொழிலினின்று எழுந்த கோவை ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை' என்னும் நூல் 58ஆம் தேசியத் திரைப்பட விருதுகளிற் சிறப்புக் குறிப்புப் பெற்றது. பாராட்டு எழுத்துக்குக் கிடைத்தது; அவ்வெழுத்தை ஈன்ற தெருவோவியமோ எவ்வவையும் ஏறாமலே மறைந்தது.

நாடு விடுதலை பெற்றபின் அரசு சார்ந்த அவைகள் தோன்றின. லலித் கலா அகாதெமி 1954 ஆகஸ்டு 5ஆம் நாள் தில்லியில் தொடங்கப்பெற்றது. ராய் சௌதுரியே அதன் முதல் தலைவர். 1955இல் முதல் தேசியக் கலைக்காட்சி நிகழ்ந்தது. தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு 1975இல் அமைந்தது. தேசிய அகாதெமியின் மண்டல மையம் 1978இற் சென்னையில் அமைந்தது. அரசின் நுண்கலைக் கல்லூரிகளாகப் புகழ்பெற்ற இரண்டும் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. இவ்விடங்களை ஒருசேர நோக்கின், கொங்குநாட்டு ஓவியன் கற்கவும் அவையேறவும் கிழக்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ செல்லவேண்டியிருந்தமை தெளிவாகும்.

கோவையில் இக்குறையை நிரப்ப முயன்றோர் இலர் எனல் ஆகாது. தென்னிந்திய நெசவு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கியவரும், எழுத்தாளரும் ஓவியருமாகிய கஸ்தூரி சீனிவாசன் பெயரால் அவினாசிச் சாலையில் ஒரு கலைக்கூடம் உளது. சித்ரகலா அகாதெமியும் உள்ளூர் ஓவியர் கூடிக் காட்சி நடத்தற்கு இடம் செய்தது. நெசவுத் தொழிலறிஞர் ஒருவர் ஓவியக்கூடத்துக்கு வித்திட்டமை கொங்குநாட்டின் இயல்புக்கு ஏற்றதேயாகும்.

6. விண்ணப்பமும் தேர்வும்

தேர்வுக் காட்சியின் விதிகள் பெரும்பாலும் ஒத்த தன்மையன. படைப்பு அண்மை ஆண்டுகளில் ஆக்கியதாதல் வேண்டும். பிறர் படைப்பின் படியாதல் கூடாது. குறித்த அளவினை மீறலாகாது. சட்டமிட்டுத் தொங்கவிடத் தக்க நிலையில் இருத்தல் வேண்டும். பின்புறத்திற் பெயரும் தலைப்பும் ஊடகமும் எழுதிய சீட்டு ஒட்டப்படல் வேண்டும். முதற்கண் நிழற்படங்களைக் கொண்டு ஒரு தேர்வும், பின்னர் மூலப்படைப்பைக் கொண்டு மறுதேர்வும் நிகழ்தல் உண்டு.

இவ்விதிகள் யாவர்க்கும் ஒன்றே. ஆயினும் அவற்றின் சுமை யாவர்க்கும் ஒன்றன்று. சென்னையில் வாழும் ஓவியன் தன் படத்தைக் கையில் ஏந்திச் செல்வான். கோவையில் வாழ்வோன் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அனுப்பவேண்டும். சுடுமண் சிற்பியாயின், வைக்கோலும் பலகையும் கொண்டு கட்டியது உடையாமற் சென்று உடையாமல் மீளவேண்டும். செலவு அஞ்சிச் சிறு படங்களையே தீட்டும் பழக்கம் வேரூன்றுமாயின், போக்குவரத்துக் கூலி ஒரு நாட்டின் கலையளவை வகுத்ததாகும். நிழற்படத் தேர்விலோ மண்ணின் சொரசொரப்பும் துணியின் இழையும் தோன்றா. நெசவையும் மண்ணையும் தன் பொருளாகக் கொண்ட கலைஞனுக்கு இது சிறு குறையன்று.

வட்டார அளவிலான காட்சி இக்குறைகளிற் பலவற்றை நீக்கும். படைப்பே நேரில் நடுவர் முன் நிற்கும். எனினும் அதற்கும் ஓர் இடர் உண்டு. ஊர் சிறிதாகுந்தோறும் நடுவரும் போட்டியிடுவோரும் ஒருவரையொருவர் அறிந்தவராவர். ஆசிரியர் மாணவர் உறவும் சுற்றமும் இடையே புகும். நடுவு நிலைமைக்கும் தெரிந்து தெளிதலுக்கும் அவையறிதலுக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தமை இவ்விடரை அறிந்தேயாம். இதனை நீக்கும் வழி நடுவரைத் தொலைவிலிருந்து வருவித்தல் மட்டுமன்று. நாம் முன்னே கண்ட அதங்கோட்டாசான் செய்தி வேறொரு வழியைக் காட்டுகின்றது. காரணத்தை வெளிப்படக் கூறுவிப்பதே அவ்வழி.

7. மறுக்கப்பட்டவற்றின் வரலாறு

பாரிசு மாநகரில் 1863ஆம் ஆண்டு அரசு சார்ந்த ஓவியக்காட்சிக்கு வந்தவற்றுள் ஆயிரக்கணக்கானவை தள்ளப்பட்டன. கலைஞர்தம் முறையீடு பெருகவே, மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றையும் தனியிடத்தே காட்சிக்கு வைக்குமாறு ஆணையிட்டான். கண்டோர் பலர் நகைத்தனர். ஆயினும் மானே என்பார் தீட்டிய, புல்வெளியில் உணவுண்போர் ஓவியம் அக்காட்சியில் இடம்பெற்றது. இன்று அது மேனாட்டு ஓவிய வரலாற்றின் திருப்புமுனையாக மதிக்கப்படுகின்றது. 1884இல் நடுவரும் பரிசும் இல்லாத காட்சியையே ஒரு சங்கத்தார் அங்குத் தொடங்கினர்.

இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவோர் நடுவரின் அறியாமையை எள்ளுதற்கே பெரிதும் பயன்படுத்துவர். நாம் அதனிற் காண்பது வேறு. அவ்வாண்டு தள்ளப்பட்டவற்றுக்கும் ஒரு பட்டியல் அச்சிடப்பெற்றது. ஆகவேதான் எது தள்ளப்பட்டது என்பதனை உலகம் அறிந்தது. அறிந்தமையால் அத்தீர்ப்பை மறுபடி ஆராய முடிந்தது.

நம் நாட்டுக் காட்சிகளின் பட்டியல்களோ ஏற்கப்பட்டவற்றையே உரைப்பன. கலை வரலாறு எழுதப் புகுவோன் அப்பட்டியல்களையே சான்றாகக் கொள்கின்றான். பட்டியலில் கொங்குநாட்டார் பெயர் அருகியிருப்பின், கொங்குநாட்டில் ஓவியர் அருகியிருந்தனர் என முடிவு செய்கின்றான். விண்ணப்பம் விடுத்தோர் எத்துணையர், தள்ளப்பட்டோர் எத்துணையர், தொலைவும் செலவும் அஞ்சி விடுக்காமலே இருந்தோர் எத்துணையர் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. குழுவின் மௌனம் முதலிற் கலைஞனைத் தாக்குகின்றது. பின்னர் வரலாற்றைத் தாக்குகின்றது. தள்ளப்பட்ட படத்தோடு வீடு திரும்பும் இளைஞன், தன் கோட்டிற் குறையோ, வண்ணத்திற் குறையோ, சட்டத்தின் அளவிற் குறையோ என அறியாது மயங்குகின்றான். அடுத்த ஆண்டு சென்ற ஆண்டுப் பரிசுபெற்ற படத்தைப் போன்ற ஒன்றைத் தீட்டி விடுக்கின்றான். காரணம் கூறாத அவை, தான் விரும்பாமலே, போலிகளை வளர்ப்பதாகின்றது.

நூற்றுக்கணக்கான படைப்புகளுக்குக் காரணம் எழுதுதல் இயலுமோ என வினவலாம். வினா தக்கதே. சிலரே கூடும் குழு சில நாட்களில் இதனைச் செய்தல் அரிது. ஆயினும் 1855ஆம் ஆண்டு நடுவர் 30 வகுப்புப் பொருள்களுக்கும் அறிக்கை எழுதினர் என்பதனை முன்னரே கண்டோம். தேசிய அளவில் இயலாதது வட்டார அளவில் இயலும். வருபவை குறைவு, வழி குறைவு, கலைஞனை நேரில் அழைத்து அவன் படத்தின் முன்னே நின்று பேசவும் கூடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் போதருவன இவை. படைப்பை அவையேற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. பழைய அவை வினவிற்று, விடை கேட்டது, களனையும் கேட்போரையும் பாயிரத்திற் பதிவு செய்தது. புதிய குழு முடிவை மட்டும் அறிவிக்கின்றது. இரவிவர்மரையும் பணிக்கரையும் உயர்த்திய நன்மை அதற்கு உண்டு. எனினும் அதன் மௌனத்தாற் கொங்குநாடு போன்ற வட்டாரங்களின் கலை வரலாற்றிற் பெரும்பகுதி எழுதப்படாது ஒழிகின்றது.

ஆதலின் கொங்குநாட்டில் நிகழும் தேர்வுக் காட்சிகள், பவணந்தியார் குறித்த கேட்போர், களன், காரணம் என்னும் மூன்றனையும் தம் பட்டியலிற் சேர்த்தல் நலம். நடுவர் யாவர், வந்தவை எத்துணை, ஏற்றவை எத்துணை, எந்நோக்கம் பற்றித் தேர்ந்தனர் என நான்கு வரி எழுதினும் போதும். மறுக்கப்பட்டோர் இசைவின் அவர்தம் படைப்பின் நிழற்படத்தையும் காத்தல் வேண்டும். பெருங்கதையின் சிதைந்த ஏடுகளைத் தேடி எடுத்தற்கு ஒரு சாமிநாதையர் வாய்த்தார். மறுக்கப்பட்டு மூலையிற் சார்த்திய ஓவியங்களைத் தேடிச் செல்வார்க்கு, அவை எங்கே சென்றன என்னும் குறிப்பேனும் எஞ்சுதல் வேண்டும். அக்குறிப்பை எழுதிவைத்தல் இன்றைய அவையோரின் கடன்.